டயர் எங்கே உரசுகிறது? குட்டி கேம்பர் டிரெய்லர் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்கார்டின் உள்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தேன். மை மாதிரி ஒட்டிக்கொண்டது. டயர் ரப்பர்தான். கராஜில் வண்டி நின்றபோது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்து, "இது போதும்" என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்ட அதே இடம். மிச்சிகனில் பனி உருகி முடிந்த கையோடு ரோடெல்லாம் பள்ளமாகக் கிடக்கும். அதில் 40 மைல் போய்வந்ததும் மட்கார்டு உண்மையைச் சொல்லிவிட்டது.

நான் கட்டியது கண்ணீர்த்துளி வடிவக் குட்டி கேம்பர். டியர்டிராப் என்பார்கள். உள்ளே ஒரு மெத்தை, பின்னால் தூக்கித் திறக்கும் மூடிக்குள் ஒரு சமையல் மேடை, அவ்வளவுதான் வீடு. அமெரிக்காவில் 1930களிலிருந்தே ஆட்கள் இதை வீட்டிலேயே கட்டி வருகிறார்கள். 4×8 அடி பிளைவுட் பலகை ஒன்றை வெட்டினால் ஒரு பக்கச்சுவர் வந்துவிடும் என்பதால் பார்க்கிற யாருக்கும் கை அரிக்கும். பலகை வேலை எப்படியோ எல்லோருக்கும் கைவந்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது சக்கரத்தில்தான்.

முதல் தவறு, "இடைவெளி" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவது. சக்கரத்தைச் சுற்றி அளக்க வேண்டிய இடைவெளிகள் மூன்று. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருப்பது ஒன்று. டயரின் உச்சிக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருப்பது இன்னொன்று. டயரின் உள்பக்கத்துக்கும் வண்டியின் சுவருக்கும் நடுவில் இருப்பது மூன்றாவது. ஒன்றைக் கூட்டப் போய் இன்னொன்றைக் குறைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பாதிக் கூத்து.

பெரிய டயர் போட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்பு

உரசல் தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், பெரிய டயருக்கு விலை பார்த்தது. வண்டி உயரும், உயர்ந்தால் உரசாது என்று கணக்கு. அந்தக் கணக்கு தலைகீழ். வண்டி உயரும் என்பது உண்மைதான். ஆனால் ஆக்சிலுக்கும் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாய்) சட்டத்துக்கும் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும். டயர் கீழே எவ்வளவு வளர்கிறதோ, மேலேயும் அவ்வளவு வளர்ந்து மட்கார்டை நெருங்கும்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். 175/80-13 என்றால் அகலம் 175 மி.மீ. டயரின் பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 140. மேலும் கீழும் சேர்த்து 280. 13 இன்ச் ரிம் என்பது 330 மி.மீ. ஆக டயரின் முழு உயரம் 610 மி.மீ. இதே கணக்கில் 205/75-15 டயர் 688 மி.மீ. வரும். வித்தியாசம் 78. அதில் பாதி, 39 மி.மீ., தரைப் பக்கம் லாபம். மீதிப் பாதி மட்கார்டு பக்கம் நஷ்டம். என் டயருக்கு மேலே இருந்ததே 38 மி.மீ.தான்! அதை மாட்டியிருந்தால் தெருமுனை கூடத் தாண்டியிருக்காது.

இது போதாதென்று டயர் 30 மி.மீ. அகலமாகவும் ஆகிறது. அதில் 15 மி.மீ. உள்பக்கச் சுவரை நோக்கி வரும். சிறிய சக்கரத்தோடு வரும் ஹப்பில் (ரிம்மை மாட்டும் நடுப்பாகம்) பல நேரம் நான்கு போல்ட்தான் இருக்கும். 15 இன்ச் ரிம்மோ பெரும்பாலும் ஐந்து போல்ட் கேட்கும். அப்படியென்றால் ஹப்பையும் மாற்ற வேண்டும். டயரில் ஆரம்பித்த செலவு பேரிங்கில் போய் நிற்கும்.

அதே டயரை வைத்துக்கொண்டு அதன் உச்சிக்கு மேலே இடம் வேண்டுமென்றால் வழி இரண்டுதான். ஆக்சிலிலிருந்து சட்டத்தை மேலே தூக்க வேண்டும், இல்லையென்றால் மட்கார்டை மட்டும் மேலே ஏற்ற வேண்டும்.

இரண்டாவது வழி மலிவு. தரை இடைவெளி போதும், உரசல் மட்டும்தான் பிரச்சினை என்றால் நான்கு ஓட்டை போட்டு மட்கார்டை 2 இன்ச் மேலே மாட்டிவிடலாம். அதற்கு முன் கதவைத் திறந்து பாருங்கள். டியர்டிராப்பில் கதவின் கீழ்விளிம்பு பல நேரம் மட்கார்டுக்கு ஒட்டினாற்போல மேலேதான் போகும். மட்கார்டு ஏறினால் கதவு அதில் இடிக்கும். அப்புறம் படுக்கைக்குப் போக ஜன்னல்தான் வழி.

வெறும் சட்டத்தில் அளப்பது

நான் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தபோது வண்டியில் மெத்தை இல்லை, பேட்டரி இல்லை, தண்ணீர் இல்லை. 10 காலன் தண்ணீர் மட்டுமே 38 கிலோ. அடுப்பு, ஐஸ் பெட்டி, பாத்திரம் எல்லாம் ஏறிய பிறகு ஸ்பிரிங் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகளின் கட்டு) இறங்கும். இறங்கிய பிறகும் பள்ளத்தில் விழும்போது இன்னும் இறங்கும். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் அந்தப் பக்கம் மட்டும் கூடுதலாக அமுங்கும்.

இதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. ஆக்சில் மேலே ஏறினால் சட்டத்தில் முதலில் எது இடிக்கும் என்று பாருங்கள். அதுவரை எத்தனை இன்ச் இருக்கிறதோ, டயருக்கு மேலே அதைவிட அதிகம் இருந்தாக வேண்டும். என் வண்டியில் ஆக்சில் குழாய்க்கும் சட்டத்துக்கும் 3 இன்ச், டயருக்கும் மட்கார்டுக்கும் ஒன்றரை. உரசாமல் என்ன செய்யும்? முழுச் சுமை ஏற்றிய பிறகும் டயருக்கு மேலே 3 இன்ச்சாவது இருக்கட்டும் என்பது இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு.

சவாரி முரட்டுத்தனமாக இருக்கிறது என்று ஸ்பிரிங் கட்டிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. சவாரி மெத்தென்று ஆகும், உண்மைதான். ஸ்பிரிங் கூடுதலாக அமுங்குவதால் இடைவெளியும் அந்த அளவுக்குப் போகும்.

ஆக்சிலைப் புரட்டிப் போடுவது

சிறிய டிரெய்லர்கள் பலவற்றில் ஸ்பிரிங் கீழே, ஆக்சில் குழாய் அதன் மேலே உட்கார்ந்திருக்கும். இதை மாற்றி ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே கொண்டுவந்தால், குழாயின் தடிமன், ஸ்பிரிங் கட்டின் தடிமன், நடுவில் ஸ்பிரிங் உட்காரும் இருக்கைத் தகட்டின் உயரம் எல்லாம் சேர்ந்து வண்டி 4 இன்ச் அளவுக்கு உயரும். நானும் இதைத்தான் கடைசியில் செய்தேன். செலவு என்று பார்த்தால் இரண்டு இருக்கைத் தகடு, ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து இறுக்கும் நான்கு யூ போல்ட், வெல்டருக்குக் கூலி.

பேச்சுவழக்கில் ஆக்சிலைப் புரட்டுவது என்று சொல்லிச் சொல்லியே நிறையப் பேர் ஆக்சிலை நிஜமாகவே புரட்டிவிடுகிறார்கள். அது கூடாது. பார்வைக்கு நேர்க்குழாய் போலத் தெரிந்தாலும், பல ஆக்சில்களில் நடுப்பகுதி மேல்நோக்கி இலேசாக வளைந்திருக்கும். சுமை ஏறும்போது அது நேராகிச் சக்கரங்கள் செங்குத்தாக நிற்பதற்காகச் செய்த வளைவு அது. தலைகீழாகப் போட்டால் வளைவு கீழ்நோக்கிப் போய்விடும். சுமை ஏற ஏறச் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் சீவினாற்போலத் தேயும். வளைவு இருக்கிறதா என்று தெரிய ஹப்புக்கு ஹப் ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால் போதும்.

சரியான முறை என்னவென்றால் ஆக்சில் இருந்தபடியே இருக்க வேண்டும். குழாயின் மேல்பக்கத்தில் புதிய இருக்கைத் தகடுகளை வெல்ட் செய்து, ஸ்பிரிங்கை அதன்மேல் உட்காரவைக்க வேண்டும். இரண்டு தகடும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒன்று சற்றுத் திரும்பியிருந்தாலும் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு உட்காரும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுகிய போல்ட்டின் மரை முதலிலேயே இழுபட்டிருக்கும். பிரேக் இருக்கும் ஆக்சில் என்றால், வண்டி உயர்ந்த பிறகும் பிரேக் ஒயரின் நீளம் போதுமா என்று பாருங்கள்.

மாற்றிய பிறகு மறுபடி அளந்தேன். இப்போது சட்டத்தில் முதலில் இடிக்கக்கூடியது ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் தகட்டின் நட்டு. அதற்குச் சட்டம் வரை நாலரை இன்ச். டயருக்கு மேலே ஐந்தரை. கணக்கு ஒருவழியாக நேரானது.

ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மரக்கட்டை வைத்து உயர்த்தியதையும் பார்த்திருக்கிறேன். மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து கட்டை சுருங்கினால் யூ போல்ட் தளர்ந்துவிடும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு உயர்த்துவதும் எனக்குப் பிடிக்காது. வண்டி பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும்.

டார்ஷன் ஆக்சில்: ஆர்டர் கொடுக்கும்போதே நடக்கும் தவறு

ஸ்பிரிங் பட்டையே இல்லாத ஆக்சில் இது. சதுரக் குழாய்க்குள் ரப்பர் கட்டைகள் இருக்கும். குழாயின் முனையிலிருந்து பின்னோக்கி நீளும் ஒரு கையில் சக்கரம் தொங்கும். சக்கரம் மேலே ஏறும்போது ரப்பர் அமுங்கும். கட்டிய பிறகு இதில் உயரத்தை மாற்றுவது கஷ்டம். அந்தக் கை எந்தக் கோணத்தில் தொங்க வேண்டும் என்பதை வாங்கும்போதே சொல்ல வேண்டும். கிடையாக இருக்கலாம், 10 டிகிரி, 22.5 டிகிரி, 45 டிகிரி கீழ்நோக்கியும் இருக்கலாம்.

கை 6 இன்ச் நீளம் என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்திலிருந்து 22.5 டிகிரி கீழே போனால் வண்டி 2.3 இன்ச் உயரும். 45 டிகிரி போனால் 4.2 இன்ச். பலர் இதுவரை பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். கை கீழே போகப் போகச் சக்கரம் முன்னாலும் நகரும் என்பதைப் பார்ப்பதில்லை. 45 டிகிரியில் சக்கரத்தின் மையம் ஒன்றே முக்கால் இன்ச் முன்னே வந்துவிடும். மட்கார்டைக் கிடைமட்டக் கணக்கில் வெட்டி வைத்திருந்தால் டயர் முன்விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும்.

சொல்லப்படும் கோணம் சுமை இல்லாதபோது உள்ளது என்பதும் நினைவிருக்கட்டும். சுமை ஏறினால் கை மேலே வரும், சக்கரம் பின்னே நகரும். 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சிலை 1,200 பவுண்டு வண்டிக்கு வாங்கினால் ரப்பர் அசைந்தே கொடுக்காது. வண்டி எப்போதும் உயரமாக, கட்டைவண்டி மாதிரி குதித்துக்கொண்டே வரும். இன்னொன்று, அந்தக் குழாய்மீது வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் ரப்பர் வெந்துவிடும்.

கார் ரிம் ஆசை

இழுக்கும் காருக்கும் டிரெய்லருக்கும் ஒரே ரிம், ஒரே ஸ்டெப்னி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. டிரெய்லர் ரிம்மில் ஹப்பில் உட்காரும் தகடு பெரும்பாலும் அகலத்தின் நடுவில் இருக்கும். இன்றைய முன்சக்கர ஓட்டக் கார்களின் ரிம்மில் அது வெளிப்பக்கம் தள்ளி, 40 மி.மீ. அளவுக்குக்கூட இருக்கும். அதை மாட்டினால் டயர் அதே 40 மி.மீ. உள்ளே வந்து சுவரைத் தொடும். போல்ட் சரியாகப் பொருந்திவிட்டதே என்று சந்தோஷப்பட்டு வாங்கிவிடுவார்கள். சுவர்ப் பக்கம் ஒன்றரை இன்ச்சாவது விட வேண்டும். டயர் உருளும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் நெளியும், சேறும் அப்பும்.

உயர்த்திய பிறகு வரும் தொல்லைகள்

நண்பர் ஒருவர் 5 அடிச் சுவர் வைத்துக் கட்டினார். குளிர்காலம் முழுக்கக் கராஜுக்குள்ளேயே வேலை. கூரை ஃபேனோடு சேர்த்து 82 இன்ச் உயரம். கராஜ் கதவு இங்கே பெரும்பாலும் 7 அடி, அதாவது 84 இன்ச். கடைசி வாரத்தில் ஆக்சிலை மாற்றி 4 இன்ச் உயர்த்தினார், அதுவும் கராஜுக்குள்ளேயே. வண்டியை வெளியே எடுக்க இரண்டு டயரிலும் காற்றை இறக்கி, ஃபேன் மூடியைக் கழற்றி, நாங்கள் நான்கு பேர் குனிந்து தள்ளினோம். அன்றிலிருந்து அது வெளியில்தான் நிற்கிறது, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு.

டிரெய்லரைக் காரோடு மாட்டும் கொக்கியின் உயரமும் மாறும். டிரெய்லர் 4 இன்ச் உயர்ந்து, காரின் கொக்கிக் குண்டு பழைய உயரத்திலேயே இருந்தால் டிரெய்லர் மூக்கைத் தரைப் பக்கம் குத்திக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று குண்டை ரொம்ப ஏற்றி, மூக்கு வானம் பார்த்தால் இன்னும் மோசம். கொக்கிமீது விழ வேண்டிய எடை குறையும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. அது குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆட ஆரம்பிக்கும். டிரெய்லரின் சட்டம் தரைக்கு இணையாக இருக்கும்படி குண்டின் உயரத்தை வையுங்கள்.

பின்னால் இருக்கும் சமையல் மேடையும் 36 இன்ச்சிலிருந்து 40 இன்ச்சுக்குப் போய்விட்டது. தோசை திருப்ப என் மனைவி இப்போது ஒரு பலகைமேல் ஏறி நிற்கிறார். இதை நான் முன்கூட்டி யோசிக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து ஒரு சோதனை வைத்தேன். சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து 2 இன்ச் உயரத்துக்கு உருட்டி, ஒவ்வொரு மட்கார்டின் உள்கூரையிலும் மூன்று இடத்தில் அப்பினேன். முன்னால் ஒன்று, உச்சியில் ஒன்று, பின்னால் ஒன்று. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சாமானெல்லாம் ஏற்றி, முன்பு உரசிய அதே ரோட்டில், அதே பள்ளங்களில் போனேன். வேகத்தடைகளில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படியும் இரண்டு தடவை ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கம் மூன்று உருண்டையும் தூசி படிந்து அப்படியே இருந்தன. இடது பக்கம் பின் உருண்டையில் மட்டும் டயரின் வரி இலேசாகப் பதிந்திருந்தது. அந்தப் பக்கம்தான் பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும். சனிக்கிழமை பேட்டரியை வலது பக்கம் மாற்றிவிட்டு, புதிதாக மாவு பிசைய வேண்டும்.