ஸ்டூடண்ட்ஸ் ஆர்டிஐ மனு போடுறது எப்படி

சட்டம், உரிமை, அரசாங்கம்னு சிவிக்ஸ்ல படிக்கிறதை எல்லாம் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு எக்ஸாம் முடிஞ்சதும் மறந்துடுறோம். ஒரே ஒரு ஆர்டிஐ மனுவை, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அரசு ஆபீஸ்கிட்ட தகவல் கேக்குற மனுவை, நீங்களே எழுதி அனுப்பிப் பாருங்க, அந்த மூணும் எப்படி வேலை செய்யுதுன்னு நல்லாவே பிடிபடும். சட்டத்துல எல்லா குடிமக்களுக்கும்னுதான் இருக்கு, வயசு வரம்பு எதுவும் போடல, அதனால ஸ்கூல் படிக்கிறவங்களும் தாராளமா கேக்கலாம்.

இந்த உரிமை எங்கிருந்து வருதுன்னு பாத்துட்டு போயிடுவோம். அரசியலமைப்புல 19(1)(அ) பேச்சுரிமை தருது, அரசாங்கம் என்ன பண்ணுதுன்னே தெரியாம அதைப் பத்தி என்னத்த பேசுறது, அதனால தெரிஞ்சுக்கிற உரிமையும் இதுல இருந்தே வருதுன்னு சுப்ரீம் கோர்ட் 1975-ல ராஜ் நாராயண் வழக்குல சொல்லுச்சு. ஆனா யார்கிட்ட கேக்கணும், எத்தனை நாள்ல தரணும், தரலேன்னா யாருக்கு அபராதம்னு சொல்ல தனியா ஒரு சட்டம் வேணும் இல்லையா, அதுதான் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம். (தமிழ்நாட்டுல 1997-லயே மாநில அளவுல ஒண்ணு கொண்டுவந்துட்டாங்க.) பீஸ் எவ்வளவு, எப்படி கட்டணுங்கிறது எல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கீழ வர்ற விதிகள்ல இருக்கும்.

அடுத்தது யார்கிட்ட கேக்கறது. ரயில்வே, பாஸ்போர்ட், சிபிஎஸ்இன்னா மத்திய அரசு. அரசுப் பள்ளி, பஸ், ரேஷன்னா மாநில அரசு. தெருவிளக்கு, குப்பைன்னா உங்க ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ. கல்வி மட்டும் கொஞ்சம் குழப்பும், 1976-ல 42-வது திருத்தத்துல அதைப் பொதுப் பட்டியலுக்கு மாத்திட்டாங்க, அதனால ரெண்டு அரசுக்கும் அதுல பங்கு இருக்கு. தப்பான ஆபீஸுக்கு அனுப்பிட்டாலும் பயப்படாதீங்க, அவங்களே 5 நாளுக்குள்ள சரியான இடத்துக்கு மாத்தி அனுப்பணும்னு பிரிவு 6(3) சொல்லுது.

இப்ப கேள்வி எழுதுறது. நிறைய மனு இங்கதான் வீணாப் போகுது. "ஏன் எங்க ஸ்கூல்ல டாய்லெட் சரியில்ல"ன்னு கேட்டா பதில் வராது, ஏன்னா அவங்க கையில ஏற்கனவே ஆவணமா இருக்கிறதைத்தான் இந்தச் சட்டத்துல கேட்டு வாங்க முடியும், விளக்கமோ கருத்தோ சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அதையே "2023-24 கல்வியாண்டுல இந்தப் பள்ளியோட கழிப்பறைப் பராமரிப்புக்கு ஒதுக்கின தொகை, செலவு பண்ணின தொகை, பில் நகல்கள், கடைசியா ஆய்வு பண்ணின அறிக்கையோட நகல் தரவும்"னு கேட்டுப் பாருங்க, அப்ப மழுப்ப இடமே இருக்காது. வருஷம், இடம், ஆவணத்தோட பேர், இந்த மூணும் ஒவ்வொரு கேள்வியிலயும் இருக்கணும். கோவத்தை எல்லாம் மனுவுல கொட்டாதீங்க. எதுக்குக் கேக்குறீங்கன்னு காரணமும் எழுத வேண்டாம், அதைக் கேக்கவே கூடாதுன்னு 6(2)-ல இருக்கு.

தனியார் ஸ்கூல்கிட்ட நேரடியா கேக்க முடியாத பட்சத்துல, கல்வித்துறை சட்டப்படி அந்த ஸ்கூல்கிட்ட இருந்து வாங்கக்கூடிய தகவலை கல்வித்துறைகிட்ட கேக்கலாம், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

மேல "பொதுத் தகவல் அலுவலர்"னு போட்டு ஆபீஸ் பேர், கீழ உங்க பேர், அட்ரஸ், கையெழுத்து, அவ்வளவுதான், தமிழ்லயே எழுதலாம். பீஸ் 10 ரூபா. தமிழ்நாடு அரசு ஆபீஸ்னா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், மத்திய அரசுன்னா போஸ்டல் ஆர்டர் வைக்கலாம், இல்ல ஆன்லைன்லயே கட்டிடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு பீஸ் கிடையாது, அதுக்கான சான்று மட்டும் வைங்க. அனுப்புறதுக்கு முன்னாடி மனுவை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு, தபால் ரசீதையும் அதோட பின் பண்ணி வச்சுக்கோங்க, அப்பீல் போகும்போது அது இல்லாம ரொம்ப கஷ்டம்.

30 நாள்ல பதில் வரணும். வரலேன்னாலோ அரைகுறையா வந்தாலோ அதே துறையில மேல இருக்கிற அதிகாரிகிட்ட 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லேன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம். நியாயமான காரணம் இல்லாம தாமதம் பண்ணின அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரைக்கும் ஆணையம் அபராதம் போடலாம். ஆணையத்துல விசாரணைக்கு வர நாளாகும், அதனால முதல் மேல்முறையீட்டையே பாயிண்ட் பாயிண்ட்டா, எந்தக் கேள்விக்கு என்ன வரலேன்னு தெளிவா எழுதுங்க.

எதைக் கேக்கறதுன்னே தோணலேன்னா உங்க பப்ளிக் எக்ஸாம் விடைத்தாள்ல இருந்தே ஆரம்பிக்கலாம். திருத்தின விடைத்தாளைப் பாக்க மாணவருக்கு உரிமை இருக்குன்னு 2011-ல சிபிஎஸ்இ வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியிருக்கு. ஆனா விடைத்தாளை போர்டு குறிப்பிட்ட காலம் வரைக்கும்தான் வச்சிருக்கும், அப்புறம் அழிச்சிடுவாங்க, அதனால ரிசல்ட் வந்த கையோட மனுவை அனுப்பிடுங்க.