ரெட்ரோ கேம் கருவி வாங்குவதில் எங்கே சறுக்குகிறோம்?

பழைய கன்சோல் கேம்களை ஆடுவதற்கான கையடக்கக் கருவியை, ‘உள்ளே 10,000 கேம்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குவதுதான் முதல் சறுக்கல். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா பதிப்புகள் என்று ஒரே கேமை மூன்று முறை எண்ணியிருப்பார்கள். பதிப்புரிமைச் சிக்கல் வேறு. எந்தப் பழைய கன்சோலின் கேம்களை அதிகம் ஆடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், திரை, சிப், பட்டன் மூன்றையும் தேர்ந்தெடுப்பது சுலபம்.

திரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அகலமாக இருந்தால் நல்லது என்று 16:9 விகிதத் திரையை வாங்குவார்கள். ஆனால் சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் 1 எல்லாம் பழைய 4:3 டிவிக்காகச் செய்தவை. 1920×1080 திரையில் அவற்றுக்கு 1440×1080 இடம்தான் பயன்படும்; அகலத்தில் கால்வாசி கறுப்புப் பட்டை. இழுத்து நிரப்பினால் மரியோவுக்குத் தொப்பை போட்டுவிடும். சோனியின் பழைய கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்குக் கதை தலைகீழ்: அதன் 480×272 படம் 640×480 திரையில் மேலும் கீழும் இடத்தை வீணாக்கும்.

நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸின் பிரியர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அதன் படம் 240×160. அதை 640 பிக்சல் அகலத்துக்குப் பெரிதாக்கினால் 2.67 மடங்கு வரும். பாதிப் பிக்சல் போட முடியாதே. சில பிக்சல்கள் மூன்று வரிசை பிடிக்கும், சில இரண்டோடு நின்றுவிடும். போகிமான் வசனப் பெட்டியைக் கிட்டத்தில் பார்த்தால் ஓர் எழுத்தின் ஒரு கால் தடிமனாகவும் மறு கால் மெலிந்தும் தெரியும். பாத்திரம் நடக்கும்போது தரை நெளியும். ஆன்பர்னிக் நிறுவனத்தின் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் போன்ற 720×480 திரையில் சரியாக மூன்று மடங்கு; பட்டையும் இல்லை, நெளிவும் இல்லை. 640×480 ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில், முழு மடங்கில் மட்டும் பெரிதாக்கும் ‘இன்டீஜர் ஸ்கேல்’ போடுங்கள். படம் 480×320 ஆகச் சுருங்கும், ஆனால் கூர்மையாக இருக்கும். சுருங்குவது பிடிக்காதவர்களுக்கு நெளிவைக் குறைக்கும் ‘ஷார்ப் பைலீனியர்’ ஷேடர் (பட வடிகட்டி) இருக்கிறது.

அடுத்தது பெயர்க் குழப்பம். அதே ஆன்பர்னிக்கின் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் பிளஸ், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் இரண்டிலும் ஒரே எச்700 சிப்தான். பிளஸ்ஸில் அனலாக் ஸ்டிக் (எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய குமிழ்) கிடையாது, எச்சில் இரண்டு உண்டு. நின்டெண்டோ 64 கேம் பிளஸ்ஸில் ஓடலாம். ஸ்டிக் இல்லாமல் ஆடுவதுதான் கஷ்டம். பின்னொட்டு எதுவும் இல்லாத முதல் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸில் இருப்பதோ வேறு, பலவீனமான சிப்.

எச்700 சிப்புக்குப் பிளேஸ்டேஷன் 1 வரை கவலையில்லை. பிஎஸ்பியில் லேசான கேம்கள் ஓடும், காட் ஆஃப் வார் திணறும். விளம்பர வீடியோவில் லேசான கேமைத்தான் காட்டுவார்கள். கனமான கேம் ஃபிரேம்ஸ்கிப் (இடையிடையே படங்களை விட்டுவிடுவது) இல்லாமல் ஓடுகிறதா என்று தேடிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 2 வேண்டுமென்றால் ரெட்ராய்ட் பாக்கெட் 5 கருவியில் உள்ள ஸ்னாப்டிராகன் 865 போன்ற வேகமான சிப் தேவை.

கூடவே வரும் மெமரி கார்டை நம்ப வேண்டாம். முதல் நாளே முழுக் கார்டையும் கணினியில் பிரதியெடுத்து, நல்ல பிராண்டு கார்டுக்கு மாற்றுங்கள். கார்டு செத்தால் கேமை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்பதைச் சேமிக்கும் சேவ் ஃபைல் போனால் போனதுதான். புதுக் கார்டும் போலியாக இருக்கலாம்; எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்று திருப்பி அனுப்பும் முன் கேபிளைப் பாருங்கள். இரு முனையும் சி-டைப்பாக உள்ள கேபிளில், கருவிக்குள் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இருப்பதை உணர்ந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரம் விடும். மலிவான சில கருவிகளில் அதை வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய ஏ-டைப் யுஎஸ்பி உள்ள கேபிளையும் சாதாரண 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரையும் போட்டால் ஏறிவிடும்.