சுகர் பேஷண்ட் அட்மிட் ஆனா கூட இருக்குறவங்க என்ன பாத்துக்கணும் (ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஆளுங்களுக்கு)

வீட்ல சுகர் இருக்குறவங்க நிமோனியா, கால் புண்ணு, ஆபரேஷன்னு வார்டுல படுத்தா டோஸ் எழுதுறது டாக்டர் வேலை, ஊசி போடுறது சிஸ்டர் வேலை, ஆனா போட்ட ஊசிக்கு சாப்பாடு நேரத்துக்கு உள்ள போச்சான்னு பாக்குறது கூட இருக்குற உங்க வேலைதான்.

அட்மிஷன் அன்னிக்கே வீட்டு மாத்திரை மொத்தத்தையும் அட்டையோட கொண்டு போய் காட்டுங்க, "வெள்ளை மாத்திரை காலைல ஒண்ணு"ன்னு சொன்னா யாருக்கு என்ன புரியும். இன்ஃபெக்‌ஷன் பெருசா இருந்தாலோ, கிட்னி சரியில்லேன்னாலோ, டை போட்டு சிடி ஸ்கேன் எடுக்கணும்னாலோ மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய நிறுத்திட்டு இன்சுலினுக்கு மாத்துவாங்க, இனி ஆயுசுக்கும் ஊசிதானான்னு அழ வேண்டாம், பலபேருக்கு வீட்டுக்கு போறப்ப திரும்ப மாத்திரைதான். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிடுறவங்கன்னா அத கண்டிப்பா சொல்லிடுங்க, ஆபரேஷனுக்கு 3 நாள் முன்னாடியே நிறுத்த சொல்லுவாங்க, ஏன்னா சுகர் நார்மலா காட்டும்போதே கீட்டோன்ங்கிற அமிலம் ரத்தத்துல ஏறி ஆளக் கவுத்துடும். டைப் 1 (உடம்புல இன்சுலினே சுரக்காத வகை) ஆளுன்னா தலைகீழ், சாப்பிடலேன்னாலும் இன்சுலின முழுசா நிறுத்தக்கூடாது, அதையும் வாய்விட்டு சொல்லுங்க.

வார்டுல சுகர பொதுவா 140 டு 180க்குள்ள வச்சுக்கத்தான் பாப்பாங்க. வீட்ல 110 இருந்தவருக்கு இங்க 170ன்னா சண்டைக்கு போகாதீங்க. வீசிங்குக்கு ஸ்டீராய்டு குடுத்திருந்தா மதியத்துக்கு மேல இன்னும் ஏறும்.

விரல்ல குத்துறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில கைய கழுவி தொடச்சு விடுங்க. டிசம்பர் குளிர்ல கை ஐஸா இருக்கும், ரத்தமே வராது, அதோட ஆரஞ்சு உரிச்ச கையோட குத்துனா இல்லாத சுகர் எல்லாம் மிஷின்ல ஏறிக் காட்டும்.

இப்ப முக்கியமான விஷயம், லோ சுகர். ஊசி போட்டாச்சு, அந்த நேரம் பாத்து எக்ஸ்ரேக்கு கூட்டிட்டு போயிட்டாங்க, இல்ல ஆள் அசந்து தூங்கிட்டாரு, இல்ல ரெண்டு வாய் கஞ்சியோட போதும்னுட்டாரு, இதுல எது நடந்தாலும் உடனே சிஸ்டர்கிட்ட சொல்லணும். நம்ம ஊர் குளிர்ல கம்பளி போத்தி படுத்திருக்குறவருக்கு நெத்தி வேர்க்குதுன்னா, கை நடுங்குதுன்னா, சம்பந்தமில்லாம பேசுறாருன்னா உடனே குத்தி பாக்க சொல்லுங்க. 70க்கு கீழன்னா, முழிப்பா இருந்து முழுங்க முடிஞ்சா, 3 டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடுத்துட்டு 15 நிமிஷத்துல திரும்ப செக் பண்ணணும், ஏறினதும் ஏதாவது சாப்பிட வைக்கணும். ஹோம் மேட் சாக்லேட் இதுக்கு ஆகாது, கொழுப்பு இருக்குறதால லேட்டாத்தான் ஏறும். மயங்கிட்டாருன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும், டிரிப்புல குளுக்கோஸ் போடத்தான் கத்தி கூப்பிடணும்.

கோயம்புத்தூருக்கு ரெஃபர் பண்ணிட்டாங்கன்னா இது டபுள் மடங்கு. காலைல இன்சுலின் போட்டிருக்கும், அவசரத்துல டிபன் சாப்பிட்டிருக்க மாட்டாங்க, காட் ரோட்ல கொண்டை ஊசி வளைவுல வேற வாந்தி, இப்படியே மேட்டுப்பாளையம் இறங்குறதுக்குள்ள சுகர் பாதாளத்துக்கு போயிடும். ஆம்புலன்ஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒருதடவை செக் பண்ண சொல்லுங்க, கடைசி ஊசி எத்தனை மணிக்கு எத்தனை யூனிட்டுன்னு ரெஃபரல் சீட்டுல எழுதி வாங்குங்க, பையில குளுக்கோஸ் பாக்கெட் இருக்கணும்.

குளிருதுன்னு ஹாட் வாட்டர் பேக்க கால்ல வைக்கவே வைக்காதீங்க. ரொம்ப நாள் சுகர் ஆளுங்களுக்கு பாதத்துல உணர்ச்சி கம்மி, சுடுறது அவங்களுக்கே தெரியாது, காலைல கொப்புளம் வெந்து நிக்கும். சாக்ஸ் போட்டு விடுங்க போதும், கழட்டி தினமும் விரல் இடுக்கு, குதிகாலையும் பாருங்க. பாக்க வர்ற சொந்தக்காரங்க கொண்டு வர்ற வர்க்கி, பன்னு, ஹார்லிக்ஸ் எல்லாம் கூட இருக்குற உங்களுக்கே போகட்டும் (நைட்டு முழிக்கிறது நீங்கதான).

டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லு கட்ற அவசரத்துல கேக்காம வந்துடுவோம்: நிறுத்துன மாத்திரைல எத திரும்ப ஆரம்பிக்கணும், எப்ப இருந்து. இன்சுலின் குடுத்தா சிரிஞ்ச சரி பாருங்க, 40ன்னு போட்ட வயலுக்கு (மருந்து பாட்டில்) சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்த சிவப்பு மூடில இழுத்தா ரெண்டரை மடங்கு டோஸ் உள்ள போயிடும். லைன் வீட்ல ஃபிரிட்ஜ் இல்லேன்னாலும் பிரிச்ச வயல நம்ம கிளைமேட்டுக்கு வெளிய வைக்கலாம், பொதுவா 4 வாரம் தாங்கும், அடுப்பு பக்கமோ ராத்திரி உறைபனி அடிக்கிற ஜன்னல் ஓரமோ மட்டும் வேண்டாம், ஒருதடவை உறைஞ்சுட்டா உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.