வீட்டோரம் காய்ந்து நிற்கும் கற்பூர மரத்தை இறக்குவது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி ஒரு கற்பூர மரம் (கீழ்நாட்டில் தைல மரம் என்பார்கள்) இரண்டு வருடமாகக் காய்ந்து நின்றது. போன மாசியில் இறக்கினோம். அதில் ஒரு தவறு நடந்தது. அது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் சாவை (மோட்டார் ரம்பத்தை) நீங்கள் எடுக்காதீர்கள். பழகிய ஆள் எடுக்கட்டும். எது எந்த வரிசையில் நடக்கிறது என்று பார்த்து, தப்பாகப் போனால் நிறுத்தச் சொல்வதுதான் உங்கள் வேலை.

அனுமதி

மலைப்பகுதி மரங்களுக்கென்றே 1955-இல் போட்ட சட்டம் இருக்கிறது. பட்டா நிலமானாலும் வனத்துறையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ‘காய்ந்த மரம்தானே’ என்று நாமே முடிவு செய்யக்கூடாது. மரத்தையும் வீட்டையும் சேர்த்து நாலு பக்கமும் படம் எடுத்து இணையுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்திலும் சொல்லுங்கள். லைன்மேன் நேரில் வந்து ‘நிறுத்தியாச்சு’ என்று சொன்ன பிறகே ஏணியைச் சாய்க்க வேண்டும்.

நாள், உயரம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிக் கிடக்கும். தை, மாசிதான் சரி. காலையில் மூடுபனி விலகிய பிறகு ஆரம்பியுங்கள். காற்று எழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

உயரம் தெரிய ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டினால் கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு தூரமோ, பிடிக்கு மேலே அதே அளவு குச்சி செங்குத்தாக நிற்கட்டும். குச்சியின் நுனி மரத்தின் நுனியையும், கைப்பிடி மரத்தின் அடியையும் தொடுகிற மாதிரி தெரியும் வரை பின்னால் போங்கள். நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரம்தான் உயரம். சரிவில் கீழே இறங்கி நின்று அளந்தால் கணக்கு தப்பும். தேயிலை வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் நடங்கள். அந்த உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலையாட்களைத் தவிர யாரும் நிற்கக்கூடாது. வீட்டுக்குள்ளும் ஆள் இருக்கக்கூடாது.

தட்டிப் பார்ப்பது

நாங்கள் தவறியது இங்கேதான். பச்சை மரத்தில் கயிற்றை எவ்வளவு மேலே கட்டுகிறோமோ அவ்வளவு சுலபமாகச் சாயும். அதே நினைப்பில் உச்சிக்குப் பக்கத்தில் கட்டி, கீழ்த்தட்டிலிருந்து ஆறு பேர் வெடுக் வெடுக்கென்று இழுத்தார்கள். அடிமரம் அசையவே இல்லை. உச்சியில் பத்தடி மட்டும் முறிந்து, தண்டை ஒட்டியே இறங்கி, சமையலறைத் தகரத்தைப் பிளந்தது. அம்மா ஐந்து நிமிடம் முன்புதான் வெளியே வந்திருந்தார்.

முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். வெளியே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளையாக, உறுதியாக இருந்தது. உள்ளே காப்பித்தூள் மாதிரி பொடி. விரலை விட்டால் இறங்கியது.

அதனால் கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டுங்கள். தலைக்கவசத்தோடு, மெதுவாக, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே பார்த்துக்கொண்டு. நல்ல மரம் ‘டங்’ என்று சொல்லும், உளுத்தது ‘டொப்’ என்று சொல்லும். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தால் அதுவும் கெட்ட அறிகுறி. மேல்பகுதியை, பக்கத்திலுள்ள உயிர் மரத்தில் இடுப்புக்கயிறு கட்டி ஏறுகிறவர் நீளக் கம்பால் தட்டிப் பார்ப்பார். காய்ந்த மரத்தில் ஆளைக் கட்டி ஏற்ற வேண்டாம். தேன்கூடு இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

இறக்குவது

மேலிருந்து துண்டு துண்டாகத்தான். கப்பி உயிர் மரத்தில் இருக்கட்டும். இறக்கும் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. இன்னொரு உயிர் மரத்தின் அடியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த உரசலில் மெல்ல விடுங்கள். எனக்கு நைலான் கயிறு பிடிக்காது. இழுத்தால் நீளும், அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். பாலியெஸ்டர் கயிறு விலை கூட, இருந்தாலும் அதுதான். கிளைக்குப் பவர் சாவை விடக் கைரம்பமே மேல்.

கடைசியில் நிற்கும் மொட்டைத் தண்டுக்கு, விழ வேண்டிய பக்கம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு, அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டு. நடுவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு வெட்டாமல் விடுவார்கள். கதவுக் கீல் போல அதுதான் மரத்தைத் திசை திருப்பிச் சாய்க்கிறது. காய்ந்த மரத்தில் நார் வளையாது, அந்தக் கீல் பாதியிலேயே முறியும். அதனால் முறிந்தாலும் வீட்டை எட்டாத அளவுக்குத் தண்டு குட்டையான பிறகே இந்த வெட்டு. பின்வெட்டில் செருகும் ஆப்பை ஓங்கி அடிக்கவும் வேண்டாம். வெட்டுகிறவர் பின்பக்கம் சாய்வாக ஓடி விலக ஒரு வழியை முதலிலேயே செதுக்கி வைத்திருக்க வேண்டும்.

அடிக்கட்டையை ஜேசிபி வைத்துப் பிடுங்காதீர்கள். சரிவில் அந்த வேர்தான் இன்னும் சில வருடம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் பக்கத்தில் நாவல் போன்ற நம் காட்டு மரக்கன்று ஒன்றை நட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ஆள் கிடைக்காததால் கயிற்றை ஜீப்பில் கட்டி இழுக்கலாமா என்று கூடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். வண்டி கிளம்பும்போது கொடுக்கிற வெடுக்கென்ற இழுப்பு, எங்கள் ஆறு பேர் கொடுத்ததை விடப் பெரியது. கைவின்ச் (பல்சக்கரம் வைத்துக் கையால் இழுக்கும் கருவி) வாடகைக்குக் கிடைக்கும். தட்டிப் பார்த்து ‘டங்’ என்ற இடத்தில் மட்டும் கயிற்றைக் கட்டி, ஒவ்வொரு பல்லாக ஏற்றி இழுங்கள்.