பழைய போனை எடுத்து வாருங்கள், ஐபோன் 13 வேண்டுமா என்று சொல்கிறேன்

கும்பகோணத்தில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்துப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. முன்பெல்லாம் "அக்கா, இதைச் சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டு வருவார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேறு கேள்வி: "அக்கா, ஐபோன் 13 வாங்கலாமா?" யாருக்கு என்று சொல்லாமல் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு அண்ணனும் தங்கையும் தங்கள் அப்பாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு என் கடையிலேயே வாதாடினார்கள். அண்ணனுக்குச் சென்னையில் வேலை. தனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு வாங்கப் போவதாகச் சொன்னார். "ஒருமுறை வாங்கிக் கொடுத்துவிட்டால் அப்பா ஐந்து வருடத்துக்குக் கடைப்பக்கம் போக வேண்டாம்" என்பது அவர் கட்சி. தங்கை ரவிக்கை தைக்கிறார். "அப்பாவுக்கு எதற்கு? எனக்குத்தான் வேண்டும், வீடியோ எடுக்க" என்றார். அப்பா திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி. இருவரையும் பார்த்துச் சிரித்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய போனில் பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"மூன்று பேரும் உங்கள் பழைய போனை மேசையில் வையுங்கள்" என்றேன். நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியதும் இதைத்தான். புதிய போனின் விளம்பரத்தை எத்தனை முறை படித்தாலும் உங்களைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. பழைய போனின் செட்டிங்ஸில் எல்லாம் எழுதியிருக்கிறது.

முதலில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறங்கள். அப்பாவின் போனில் 64 ஜிபியில் 58 நிரம்பியிருந்தது. அதில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப். திறந்தால் காலை வணக்கப் படங்கள், கோயில் வீடியோக்கள், ஒரே பேரனின் ஒரே சிரிப்பு பதினொரு முறை. இவருக்குத் தேவை ஒரு ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு. ஐபோன் 13-இல் மெமரி கார்டு போட இடம் கிடையாது. 128 ஜிபி வாங்கினால் கடைசிவரை 128-தான். இணையத்தில் சேமிக்க ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபி, கூகுள் தருவது 15. குப்பை சேர்க்கும் வழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பேட்டரிப் பக்கம். எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடியது என்று அதில் தெரியும். அண்ணனுடையதில் கேமரா பட்டியலிலேயே இல்லை. அலுவலக மின்னஞ்சல், யூடியூப், கிரிக்கெட். "கேமராவுக்காகத்தான் அக்கா ஐபோன்" என்று உள்ளே நுழையும்போது சொன்னவர் இவர்தான். காட்டியதும் முகம் சிவந்துவிட்டது. கௌரவத்துக்காக வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்யாண வீட்டில் நல்ல சட்டை போட்டுக்கொள்வது போலத்தான் அதுவும். அதைக் கேமரா என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் நீங்களே நம்பிவிடுவீர்கள்.

மூன்றாவது, சிம். தங்கையின் போனில் கடை எண் ஒன்று, வீட்டு எண் ஒன்று என இரண்டு சிம். ஐபோன் 13-இல் இந்தியாவில் ஒரு சாதாரண சிம்மும் ஓர் இ-சிம்மும் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஓடும். இரண்டு இ-சிம்மும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு எண்களும் வேலை செய்யும். ஆனால் பழுதுபார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். போன் என்னிடம் இரண்டு நாள் கிடந்தால், சாதாரண சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டுக்கொண்டு போய்விடலாம். இ-சிம்மை அப்படிக் கையில் எடுத்துப் போக முடியாது. எனவே வாடிக்கையாளர் அழைக்கும் எண்ணைச் சாதாரண சிம்மாகவே வைத்துக்கொண்டு, வீட்டு எண்ணை இ-சிம் ஆக்கச் சொன்னேன்.

போனைப் பற்றியும் கொஞ்சம். இது 2021 செப்டம்பரில் வந்தது. இந்தியாவில் 128 ஜிபிக்குத் தொடக்க விலை 79,900 ரூபாய். 2022 ஏப்ரலில் நம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பரில் ஆப்பிள் தன் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே இன்று உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஒருவர் பயன்படுத்தியதாகவே இருக்கும். 6.1 அங்குலத் திரை, 173 கிராம் எடை, ஒரு கைக்குள் அடங்கும். 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 என்ற ஆப்பிள் இயங்குதளம் இதற்கும் கிடைக்கிறது. ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு வசதிகள் கிடைக்காது. திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும். 120 ஹெர்ட்ஸ் ஆண்ட்ராய்டில் விரல் பழகியவர்களுக்கு முதல் வாரம் திரை இழுத்து நகர்வது போலத் தோன்றும், பிறகு மறந்துவிடும். சார்ஜ் போடும் துளை லைட்னிங் என்ற ஆப்பிளின் பழைய வகை. வீட்டில் மற்ற எல்லோரிடமும் டைப்-சி இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு யாருடைய வயரும் உங்களுக்கு உதவாது.

தங்கைக்கு வருகிறேன். அவருடைய பழைய போனில் இருந்தவை எல்லாம் சின்னச் சின்ன வீடியோக்கள்: ஆரி வேலையின் நெருக்கக் காட்சி, பின்கழுத்து டிசைன், அளவு ரவிக்கையைத் திருப்பிக் காட்டுவது. ஒன்றில் அவர் ஊசியைத் துணிக்குள் இறக்கும்போது போனின் ஃபோகஸ் துணிக்கும் விரலுக்கும் நடுவே மூன்று முறை ஓடித் திரும்பியது. ஜரிகை இருக்கும் இடமெல்லாம் வெள்ளையாக வெளுத்துப்போயிருந்தது. என் சொந்தப் போன் ஐபோன் 13 என்பதால் அதே ரவிக்கையை அதே குழல்விளக்கின் கீழ் எடுத்துக் காட்டினேன். ஜரிகை ஜரிகையாகத் தெரிந்தது. மிக நெருக்கமாகப் போனபோது இதுவும் மங்கியது. கிட்ட வைத்து எடுக்கும் மேக்ரோ வசதி அந்த ஆண்டு புரோ மாடல்களுக்குத்தான் கொடுத்தார்கள். ஒரு சாண் தள்ளி நின்று எடுத்தால் போதும். அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் வாங்கியதும் இரண்டு மாற்றங்கள் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் கேமராவுக்குள் போய் வீடியோவை 1080, 30 பிரேம் என்று வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி ஆகும்; அடுத்துச் சொல்லும் மாற்றத்தையும் செய்தால் சுமார் 130. 4கே, 60 பிரேம் என்றால் சுமார் 400 எம்பி விழுங்கும். இன்ஸ்டாகிராமில் போடும் ரவிக்கைக்கு அது தேவையில்லை. இரண்டாவது, அங்கேயே ஃபார்மட்ஸ் என்பதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் படங்கள் ஹெய்க் என்ற வடிவத்தில் சேமிக்கப்படும். ஜெராக்ஸ் கடைக் கணினி அதைத் திறக்க மறுத்து, கடைக்காரர் உங்களை முறைப்பார்.

வண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகள் கேட்டால் நான் யோசிக்கச் சொல்வேன். போன வருடம் ஒருவர் போனைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினார்; உள்ளே கேமரா கடகடவென்றது. படம் எடுத்தால் நடுங்கியது. அது எந்த நிறுவனத்துப் போன் என்பது முக்கியமில்லை. காரணம், வண்டிக் கைப்பிடியில் இரும்புத் தாங்கியில் மாட்டி நாள் முழுக்க ஓட்டியது. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் கேமராக்களின் உள்ளே லென்ஸோ சென்சாரோ மிதந்தபடி இருக்கும். அதிக அதிர்வு அதைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021 செப்டம்பரில் எச்சரித்து, அதிர்வைக் குறைக்கும் தாங்கி பயன்படுத்தச் சொன்னது. ஐபோன் 13-இலும் அந்த வகைக் கேமராதான். வழி பார்க்கக் கைப்பிடியில் மாட்டியே ஆக வேண்டும் என்றால், பெரிய பேட்டரி உள்ள, விலை குறைந்த ஆண்ட்ராய்டை அந்த வெயிலுக்குக் கொடுங்கள்.

கைரேகை ஒரு விஷயம். பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் ரேகை தேய்ந்த அம்மாக்கள் ரேஷன் கடை இயந்திரத்தில் படும் பாடு தெரியும் அல்லவா? போனிலும் அதே பாடுதான். ஐபோன் 13-இல் கைரேகையே கிடையாது, முகம்தான். அந்த அம்மாக்களுக்கு இது வரம். கல்லாவுக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு குனியாமலே திறந்து பழகிய மளிகைக் கடைக்காரருக்குத் தொல்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் கடையிலேயே சோதியுங்கள். விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து ஒரு வரி தட்டச்சு செய்யுங்கள். பிறகு, நீங்கள் பேசி எழுதுகிறவராக இருந்தால், மைக்கை அழுத்தி "நாளைக்கு நாற்று வந்துவிடும், ஆளுக்குச் சொல்லிவிடு" என்று உங்கள் வாய்மொழியில் சொல்லிப் பாருங்கள். திரையில் வருவதைப் பார்த்தபிறகு பணத்தை எடுக்கலாம்.

நிலத் தரகர்கள், நெல் வியாபாரிகள் கேட்கும் முதல் கேள்வி அழைப்புப் பதிவு. ஐஓஎஸ் 18.1 முதல் உண்டு, ஆனால் பதிவாகிறது என்று எதிர்முனைக்கும் கேட்கும்படி அறிவிப்பு வரும். சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

இனி, பழைய ஐபோன் 13 வாங்குவது என்று முடிவாகிவிட்டால் பார்க்க வேண்டியவை. இதில் அவசரப்பட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி ஹெல்த் என்ற எண்ணை, அதாவது பேட்டரி புதிதில் தாங்கியதில் இப்போது எத்தனை சதவீதம் தாங்கும் என்பதை, காட்டித்தான் விற்பார்கள். 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியபின் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைத்திருப்பதாக இந்த மாடலுக்கு ஆப்பிள் சொல்கிறது. அப்படியிருக்க, சில வருடம் ஓடிய போனில் 100 சதவீதம் காட்டினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட். அங்கே பாகங்களும் பழுதுபார்ப்பும் என்ற பொருளில் ஒரு பகுதி இருந்தால், ஏதோ மாற்றப்பட்டிருக்கிறது. அசல் பாகம் என்று சொன்னால் சரி. 'அன்நோன் பார்ட்', அதாவது அடையாளம் தெரியாத பாகம் என்று சொன்னால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். எதுவுமே மாற்றப்படாத போனில் அந்தப் பகுதியே தெரியாது.

பிறகு சிம் ட்ரேயைக் கழற்றி, துளைக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே தண்ணீர் பட்டால் சிவக்கும் ஒட்டுத்துண்டு ஒன்று இருக்கும். வெள்ளையாக இருந்தால் நிம்மதி. சிவப்பாக இருந்தால், "மழையில் ஒரே ஒரு துளி" என்று விற்பவர் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். தண்ணீர் புகாத போன்தானே என்று சிலர் கேட்பார்கள். புதிதில் தண்ணீரை ஓரளவு தாங்கும். திரையை மாற்றத் திறந்தவர் ஓரத்துப் பசையைச் சரியாக ஒட்டினாரா என்பது யாருக்குத் தெரியும்?

உங்கள் முகத்தை நீங்களே பதிவுசெய்து பூட்டித் திறந்து பாருங்கள். அழைப்பு எடுத்துப் பேசிப் பாருங்கள். விற்பவர் உங்கள் கண்முன் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுதாக அழிக்க வேண்டும். மறுபடி தொடங்கும்போது வேறு யாருடைய கணக்கையும் அது கேட்கக் கூடாது. கேட்டால் உங்கள் கையில் இருப்பது, காகிதம் பறக்காமல் மேலே வைக்கும் கண்ணாடிக் கல்தான். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) பெட்டியிலும் ரசீதிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த எண் என்று 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஆண்ட்ராய்டிலிருந்து மாறுகிறவர்கள் வாட்ஸ்அப் உரையாடல்களை 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாக, புதிய போனை முதன்முதலில் அமைக்கும்போதே கொண்டுவந்துவிடுங்கள். பழைய போனை விற்றுவிட்டு என்னிடம் வந்து அழுதால் நான் தேநீர்தான் வாங்கித் தர முடியும்.

அந்தக் குடும்பத்துக்கு இவ்வளவும் சொல்லி முடிக்க மதியம் ஆகிவிட்டது. தங்கைக்கு வாங்கலாம் என்று அண்ணனே ஒத்துக்கொண்டார். தனக்கும் வேண்டும் என்றார், காரணம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் வாங்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மட்டும் அவருக்கு மனமில்லை. அப்போதுதான் பெரியவர் வாயைத் திறந்தார்.

"இதில் காரைக்கால் பண்பலை எடுக்குமா அம்மா?"

எடுக்காது என்றேன். எஃப்எம் கேட்கும் வசதியும் இல்லை, இயர்போன் செருகும் வட்டத் துளையும் இல்லை. "செயலி இருக்கிறது அப்பா, இணையத்தில் கேட்கலாம்" என்றார் மகன்.

"வயலில் டவர் எங்கே இருக்கிறது?"

எஃப்எம் உள்ள ஆண்ட்ராய்டு ஒன்றும், நூற்றைம்பது ரூபாய்க்கு வயர் இயர்போன் ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். அந்த வயர்தான் ரேடியோவுக்கு ஆன்டெனா. பெரியவர் அதைச் செருகி, ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, பழைய போனின் ரப்பர் பேண்டைக் கழற்றிப் புதியதற்கு மாட்டினார்.