ரீகாவில் சாப்பிட உட்காரும் முன்

லாட்வியச் சாப்பாட்டுக்குப் புதியவரா? தலைநகர் ரீகாவில் முதலில் லீடோ என்ற சுயசேவை உணவகத்துக்குப் போங்கள். தட்டை ஏந்தி வரிசையில் நகர்ந்து, பெயர் தெரியாததையும் கைகாட்டி வாங்கிக்கொள்ளலாம். சாம்பல் பட்டாணியை விட்டுவிடாதீர்கள்! மெத்தென்று வெந்த பட்டாணி, மேலே பொன்னிறமாக வதங்கிய வெங்காயமும் பன்றிக்கொழுப்புத் துண்டுகளும். கூடவே ஒரு டம்ளர் கெஃபிர், அதாவது புளிக்கவைத்த பால் பானம். சைவர்கள் ‘பெஸ் கல்யஸ்’ என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள்.

நவீன சமையலுக்கு மாக்ஸ் செகோட் கிச்சன் உணவகம். சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரத்தை 2023-இல் பெற்றது. முன்பதிவு செய்துவிடுங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், வேலை நாள் மதியங்களில் பல உணவகங்கள் வாசலில் எழுதிவைக்கும் ‘டியெனஸ் பியெதாவாயும்ஸ்’ பலகையைத் தேடுங்கள். அன்றைய சிறப்புச் சாப்பாடு அது, இரவு விலையைவிடக் குறைவு. இனிப்புக்கு ரை தானிய ரொட்டித் தூளும் கிரீமும் பெர்ரி ஜாமும் அடுக்கிய கிண்ணம் கேளுங்கள். ரொட்டியின் லேசான புளிப்பு கடைசிக் கரண்டிவரை நாக்கில் நிற்கும்.