யாழ்ப்பாணத்து வீட்டில் ஏசிக்கு வயர் இழுக்கிறீர்களா?

ஏசி வாங்கினால் பூட்டிக் கொடுக்கக் கடைக்காரரே ஆள் அனுப்புவார். ஆனால் அவர் குழாயையும் காஸையும் பார்க்க வருகிறவர், கரண்ட் எந்த வயரில் வருகிறது என்பது பெரும்பாலும் அவருடைய தலையிடி இல்லை. பக்கத்தில் இருக்கிற பிளக்கில் செருகிவிட்டு, குளிர்காற்று வந்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். பிளக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பிரேக்கர் பெட்டியில் இருந்து ஏசிக்குத் தனி லைன் வேண்டும். 12000 பிடியூ (குளிராக்கும் சக்தியின் அளவு) ஏசி ஐந்து ஆறு அம்பியர்தானே இழுக்கும், 13 அம்பியர் பிளக் தாங்காதா என்று கேட்பார்கள். தாங்கும், ஆனால் கேத்தில் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும், ஏசி விடிய விடிய ஓடும், அதனால் பிளக்கில் ஒரு ஆணி கொஞ்சம் தளர்ந்திருந்தாலே அந்த இடம் சூடாகிச் சூடாகிப் பிளாஸ்ரிக் மஞ்சளாகிக் கடைசியில் கருகும். 12000க்குப் பொதுவாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், அதாவது கடையில் 7/0.67 என்று கேட்கிறது. 24000 என்றால் 4 சதுர மில்லிமீற்றர், 7/0.85. பிரேக்கர் எத்தனை அம்பியர் என்பதைக் கம்பனிப் புத்தகத்தைப் பார்த்துப் போடுங்கள். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று வயரை மாற்றாமல் பெரிய பிரேக்கர் போடுவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை, அது வயரைக் காப்பாற்றத்தான் அங்கே இருக்கிறது. கிணற்று மோட்டர் லைனில் இருந்தும் ஏசிக்கு எடுக்க வேண்டாம். பழைய கல்வீடுகளில், அதுவும் சண்டைக் காலத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்து பிறகு திரும்ப லைன் எடுத்த வீடுகளில், கூரைக்குள் எந்த வயர் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது எர்த். இதில்தான் எங்கள் ஊரில் அதிகம் ஏமாற்று நடக்கிறது. “அண்ணை, ட்ரிப் சுவிச் இருக்குத்தானே, எர்த் என்னத்துக்கு?” என்று கேட்கிற வயரிங்காரரை அப்படியே அனுப்பிவிடுங்கள். ட்ரிப் சுவிச் என்பது கரண்ட் கசிந்தால் தானே லைனை வெட்டுகிற சுவிச். இலங்கையில் வீட்டு எர்த் என்பது உங்கள் வளவில் நீங்களே இறக்குகிற கம்பிதான். அதன் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஏசி உடம்பில் லைவ் பட்டால் 230ஐ 50ஆல் வகுக்க 4.6 அம்பியர்தான் மண்ணுக்குள் ஓடும், 20 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்தான் விழுத்தும், ஆகவே அதுவும் வேண்டும். எர்த் இல்லாமல் ட்ரிப் சுவிச் மட்டும் இருந்தால் கசிகிற கரண்டுக்குப் போக வழியில்லை, யாராவது வெளி யூனிற்றைத் தொடும்வரை அது காத்திருக்கும், பிறகு அந்த ஆளுக்கூடாகத்தான் ட்ரிப் விழும். ஈரக் காலோடு தொடுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல். கம்பி கல்லில் இடித்ததும் மிச்சத்தை வெட்டிவிட்டு மண்ணால் மூடிவிடுகிறவர்கள் உண்டு, ஆகவே இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஓரிடத்தில் இறங்காவிட்டால் தள்ளி இன்னொரு இடம், தேவையென்றால் இரண்டு கம்பி இறக்கி ஒன்றாக இணைக்கலாம். எர்த் மீற்றரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். சாதாரண மல்ரிமீற்றர் அறுந்த எர்த்திலும் ஏதாவது ஒரு வோல்ற்றளவைக் காட்டி ஏமாற்றும். வைகாசி, ஆனி வெயிலில் மண் காய்ந்தால் தடை ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வயர் இணைக்கிற வேலையை அனுமதிப்பத்திரம் உள்ளவரிடமே கொடுங்கள். அவர் செய்வதை நீங்கள் பார்க்கலாம். மெயினை நிறுத்தியபின் ரெஸ்ரர் லைற் எரியவில்லை என்பது போதாது. மீற்றரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மீற்றரே பழுது என்றாலும் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த வெளி யூனிற்றைத் திறப்பதென்றால், கரண்டை நிறுத்தினாலும் உள்ளே கப்பாசிற்றரில் மின்னேற்றம் மிச்சம் இருக்கும். புத்தகம் சொல்கிற நேரம்வரை கை வைக்காமல் விட்டு, பிறகும் அளந்து பார்க்க வேண்டும்.

உள் யூனிற்றுக்கும் வெளி யூனிற்றுக்கும் நடுவே போகிற வயரில் 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும். இரண்டு பக்கமும் அதே இலக்கத்துக்கு அதே நிறம். இன்வேர்ட்டர் ஏசியில் ஒரு வயர் இரண்டு யூனிற்றும் பேசிக்கொள்கிற வயர், அதை மாற்றிப் பூட்டினால் பிழைக் குறி காட்டும், துரதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே இருக்கிற சேர்க்கிற் போர்ட்டே எரியும். பழைய வீட்டில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல். புது வயரில் மண்ணிறம் லைவ், நீலம் நியூற்றல், பச்சை மஞ்சள் எர்த். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். ஆணியை இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். எர்த் வயரை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டால், எப்போதாவது வயர் இழுபட்டால் அது கடைசியில்தான் கழரும்.

சூடும் தருகிற ஏசி யாழ்ப்பாணத்தில் யாருக்கு என்று சிரிக்காதீர்கள், நுவரெலியாவில் வீடு வைத்திருக்கிறவர்களும் இதை வாசிப்பார்கள். அதே கொம்பிரசர்தான் வாயுவைத் திருப்பி ஓடவிட்டுச் சூடாக்கும், சிலதில் மேலதிகமாக ஹீற்றர் கம்பியும் இருக்கும், அப்போது இழுக்கிற கரண்ட் கூடும். பெயர்த்தகட்டில் குளிருக்கும் சூட்டுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும், பெரிய எண்ணைப் பார்த்து வயர் எடுங்கள். கனடாவில் இருந்து சொந்தக்காரர் கப்பலில் அனுப்பியது என்றால் தகட்டில் 115 வோல்ற் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எங்கள் 230இல் நேரே கொடுக்கவே கூடாது.

பருத்தித்துறை, வேலணைப் பக்கம் கடற்கரையோரம் இருப்பவர்கள் வருடத்தில் ஒரு தடவையாவது வெளி யூனிற்றின் முனைகளைத் திறந்து பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயர் சுவருக்குள் போகிற ஓட்டையை அடைத்தும் விடுங்கள். சேர்க்கிற் போர்ட்டில் ஏறி எரிந்து ஒட்டிக்கிடக்கிற பல்லியைச் சுரண்டி எடுக்கிறது எந்த ஏசி திருத்துகிறவருக்கும் பழகிப்போன வேலை, அதற்கான பில் உங்களுக்குத்தான் வரும்.